இரண்டு கை அளந்த இறக்கை

மேடையில் நிறுத்தி என்னைத் தீவுப் பறவை என்று சொன்னவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் வேறு யாருமில்லை, என் ஆராய்ச்சிக்கு நெறியாளர். நாங்கள் கைடு என்போம். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கம், ஞாயிற்றுக்கிழமை காலை. பறவை பார்க்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த அம்மாக்கள் என்று நல்ல கூட்டம். தீவுகளில் பறவைகள் எப்படிப் பரவுகின்றன, எப்படிப் புதுப்புது இனங்களாகப் பிரிகின்றன என்று ஒரு மணி நேரம் பேசினார். அழகாகப் பேசுவார். நானே வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கடைசியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளுக்குப் பின்னால் கையை நீட்டி நின்றார்.

"இந்தப் பொண்ணு அடையாத்தங்கரைல குடிசைல பொறந்தவ. வெள்ளம் வந்து, இவாளையெல்லாம் ஊருக்கு வெளியில கொண்டுபோய் விட்டுட்டா. ஆனாலும் பாருங்கோ, அங்கேர்ந்து வந்து இன்னிக்கு என்கிட்ட பி.எச்.டி. பண்ணிண்டிருக்கா. நம்ம மெட்ராஸோட தீவுப் பறவை இவதான்!"

கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதை இப்போது சொல்லிவிடுகிறேன். வெள்ளம் எங்களை விரட்டவில்லை. வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளிப் போட்டு, வீட்டைக் கழுவி, அடுப்பு மூட்டிவிட்டோம். அதற்கு அப்புறம்தான் சுவரில் பெயிண்டால் நம்பர் எழுத ஆள் வந்தார்கள். கைரேகை வைத்தோம். டோக்கன் கொடுத்தார்கள். குலுக்கலில் எந்த பிளாக், எந்த மாடி என்று சீட்டு வந்தது. முப்பது வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் எட்டு பிளாக்குக்குச் சிதறினோம். பிறகு லாரி வந்தது. பறவையைக் காற்று தூக்கிக்கொண்டு போகும், அதற்கு யாரும் டோக்கன் கொடுப்பதில்லை.

தீவுப் பறவையின் கதையையும் நானே சொல்கிறேன். அவர் அளவுக்கு அழகாக வராது, பரவாயில்லை.

வங்காள விரிகுடாவில் அந்தமானில் தொடங்கி நிக்கோபார் வரைக்கும் தீவுகள் வடக்கு தெற்காக வரிசையாகக் கிடக்கின்றன, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. சில வேட்டி, சில கைக்குட்டை. அந்தத் தீவுகளில் ஒரு தேன்சிட்டு உண்டு. முதுகு பாசிப்பச்சை, வயிறு மஞ்சள், ஆணுக்கு மட்டும் கழுத்தில் கருநீலம். கைக்குள் பொத்தி மறைத்துவிடலாம், அவ்வளவுதான் உடம்பு. நம் வீட்டுச் செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்குகிற சிட்டுக்கு இது தூரத்து உறவு, நம்மூரிலிருந்து போனது இல்லை. கிழக்கே பர்மா, மலேயா பக்கத்துச் சொந்தம். இதைச் சொன்னால் கேட்கிற கூட்டத்தில் யாராவது ஒருவர் முகம் வாடும். எல்லாமே நம்மிடமிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று நினைப்பது நம் ஊர் வியாதி.

எப்படிப் போயிருக்கும்? கூடப் போய் யாரும் பார்க்கவில்லை. ஒரு புயலில் கொஞ்சம் சிட்டுகள் அடித்துக்கொண்டு போகப்பட்டிருக்கும். பெரும்பாலானவை கடலில் விழுந்திருக்கும், நாலைந்து கரை தொட்டிருக்கும். அந்த நாலைந்தில் ஒன்றுக்குக் கழுத்து கொஞ்சம் கூடுதல் கருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை பல கழிந்தபின் தீவு முழுக்க அந்தக் கழுத்தே நிறைந்துவிடலாம். அங்கே பூவின் குழல் ஆழம் என்றால் நீண்ட அலகு உள்ளது பிழைக்கும். பாட்டும் மெல்ல மாறும். எத்தனையோ ஆயிரம் வருடம் கழித்துப் பக்கத்துத் தீவிலிருந்து ஓர் ஆண் சிட்டு வந்து உயிரைக் கொடுத்துப் பாடினாலும் இங்கிருக்கும் பெண் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்போது இரண்டும் வேறு வேறு இனம் என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இதில் விசித்திரம் ஒன்று இருக்கிறது. கடலைத் தாண்டுகிற அளவுக்கு இறக்கை உள்ளதுதான் தீவைப் பிடிக்கிறது. பிடித்த பிறகு, துணிந்து மறுபடி கிளம்பியவை கடலில் விழுகின்றன, இருந்த இடத்தில் இருந்தவை குஞ்சு பொரிக்கின்றன. துரத்துவதற்கு எதிரிகளும் குறைவு. அதனால் தலைமுறை தலைமுறையாக இறக்கை குட்டையாகி, கால் நீண்டு போகிறது. உலகத்தில் எத்தனையோ தீவுகளில் எத்தனையோ பறவைகளுக்கு இப்படி நடந்திருக்கிறது. எங்கள் தேன்சிட்டுக்கும் இதேதான் என்று என் கைடு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கே பெரிய தீவுகள், நீளமான இறக்கை. தெற்கே சின்னத் தீவுகள், குட்டை இறக்கை. சொன்னாரே தவிர அளந்து காட்டியதில்லை, ஏனென்றால் தெற்குப் பறவைகள் பூட்டிய பீரோவுக்குள் இருந்தன.

அடையாறு பக்கம் ஒரு பழைய கல்லூரி. விலங்கியல் துறைக்குப் பின்னால், ஜெனரேட்டரை ஒட்டி ஓர் அறை. இரண்டு தேக்கு பீரோக்கள். இழுப்பறையைத் திறந்தால் அந்துருண்டை நாற்றம் மூக்கில் அறையும். உள்ளே வரிசை வரிசையாகத் தேன்சிட்டுகள், யாரோ எப்போதோ தீவுகளிலிருந்து கொண்டுவந்தவை. உடம்பில் பஞ்சு அடைத்து, கண் இருந்த இடத்திலும் பஞ்சு வைத்து, காலில் தீவின் பெயர் எழுதிய சீட்டுக் கட்டி, மல்லாக்கப் படுத்திருக்கும். பறவை ஆராய்ச்சி செய்கிறேன் என்றதும் பைனாகுலர் எங்கே என்று கேட்பவர்களுக்கு இந்த அறையைக் காட்டினால் போதும், அடுத்த கேள்வி வராது.

வடக்கு பீரோவை என் கைடு தன் இளம் வயதிலேயே அளந்து முடித்திருந்தார். நீல மையில் முத்து முத்தான எழுத்தில் ஒரு நோட்டு. தெற்கு பீரோவின் பூட்டு துருப்பிடித்து, சாவி தொலைந்து, அப்படியே கிடந்தது. நான் சேர்ந்த முதல் வருடம் மயிலாப்பூரிலிருந்து ஒரு பூட்டுக்காரரைக் கூட்டிவந்து திறந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, அவ்ளோவும் டெட் பாடியா?" என்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். அதற்கப்புறம் நாலு வருடம் நானும் அந்த டெட் பாடிகளும்தான். தெற்கில் ஒவ்வொரு தேன்சிட்டின் இறக்கை, அலகு, கால், வடக்கில் அவர் அளக்காமல் விட்ட அலகும் காலும். இறக்கையை அளப்பதற்கென்று நுனியில் தடுப்பு வைத்த ஸ்கேல் உண்டு. மடங்கிய இறக்கையின் முனையைத் தடுப்பில் முட்டவைத்து, நீண்ட சிறகு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

இறக்கைக்கு மட்டும் வடக்கில் அவர் நோட்டு, தெற்கில் என் நோட்டு. இரண்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்ட அன்று கோடு வடக்கிலிருந்து தெற்காக, மாடிப்படிக் கைப்பிடி போலச் சரிந்து இறங்கியது. அவர் சொன்னது அப்படியே நிஜம். கைடு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பாத்தியா? பாத்தியா?" என்று நாலு தடவை கேட்டார். எனக்கும் கால் தரையில் இல்லை. அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், அவர் ஆயுசு முழுக்கச் சொன்னதை நான் அளந்து காட்டிவிட்டேன். எனக்குப் பட்டம் என்பது இனி கையெழுத்துப் பாக்கி மட்டும் என்று நினைத்தேன்.

இப்போது என் தங்கையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் குலுக்கலில் கிடைத்த ஹவுசிங் போர்டு வீட்டில், ஆறாவது மாடியில் இருக்கிறோம். அவள் தி.நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே நாலு மெஷின் போட்ட கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸில் ஒன்றாக வருவோம், பிறகு அவள் ஒரு பஸ், நான் ஒரு பஸ். அவளுக்கு என் படிப்பு ஒரு தீராத வேடிக்கை.

"இன்னாக்கா, இன்னிக்கும் பொணம் அளக்கப் போறியா?"

"ஆமா."

"அளக்கறதுக்கு அஞ்சு வருசமா? நான் ஒரு நாளிக்கு இருவது பேர அளக்கறேன். எனக்கு எத்தினி டாக்டர் பட்டம் குடுக்கணும்?"

ஆய்வுச் சுருக்கத்தைக் கமிட்டி முன்னால் வைக்கிற நாள் நெருங்கியது. அன்றைக்குக் கட்டிக்கொள்ள ஒரு பச்சைக் காட்டன் சேலை எடுத்தேன். ஜாக்கெட்டை அவள்தான் தைத்தாள். போட்டுப் பார்த்தால் முன்னால் தொளதொள, முதுகில் மூச்சு முட்டுகிறது. கையைத் தூக்கினால் தோள்பட்டையில் இழுக்கிறது. கத்தினேன்.

"ஏண்டி, இதான் நீ பத்து வருசமா தைக்கற அழகா?"

"கத்தாதக்கா. முதுகு நான் உன் அளவு ஜாக்கெட்ட வச்சி வெட்டுனது. முன்பக்கம் கடையில பக்கத்து மெஷின் அக்கா எடுத்த அளவு. அன்னிக்கி நான் மெஷின்ல கீறேன், நீ பஸ் போய்டும்னு அதுங்கிட்ட அளவு குடுத்துட்டு ஓடிட்ட. அது டேப்புக்குள்ள ரெண்டு விரல உட்டுப் புடிக்கும். நான் இழுத்துப் புடிப்பேன்."

"ரெண்டும் இஞ்சுதானடி?"

"இஞ்சு ஒண்ணுதான். கை வேறல்ல? ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு கைதான். ரெண்டு கை பட்டா இப்டித்தான் கோணிக்கும். இதுகூடத் தெரியாம நீ அங்க இன்னாத்த அளந்துக்கினு கீற?"

பதிலுக்கு ஏதோ திட்டிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவள் கடைசியாகக் கேட்டது திரும்பத் திரும்ப வந்தது. வடக்கு பீரோ ஒரு கை. தெற்கு பீரோ ஒரு கை. அடையாறில் இறங்க வேண்டியவள் மந்தைவெளி வரை போய்விட்டேன். எதிர்ப்பக்கம் வந்து பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்துத் திரும்பினேன்.

அறையைத் திறந்து வடக்கு பீரோவிலிருந்து பத்துச் சிட்டுகளை எடுத்தேன். நோட்டைப் பார்க்காமல் அளந்து எழுதினேன். பிறகு நோட்டைத் திறந்தேன். பத்தும் அவர் அளவைவிடக் குறைவு. ஒன்று கூடி ஒன்று குறைந்திருந்தால் கை நடுக்கம் என்று விட்டிருக்கலாம். எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு குறைவு, ஒரு மில்லிமீட்டர் சொச்சம். எங்கள் கோடு சரிந்து இறங்கியதும் அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில்தான்.

இறக்கை தட்டையானது இல்லை, உள்பக்கம் லேசாக வளைந்திருக்கும். வளைவை அப்படியே விட்டு அளந்தால் ஒரு நீளம், ஸ்கேலோடு சேர்த்து அமுக்கி அளந்தால் இன்னும் கொஞ்சம் நீளம். நான் அளக்கக் கற்றது கடற்கரைப் பக்கம் ஒரு முகாமில், உயிருள்ள பறவைகளின் மேல். அமுக்காதே, அதன் வளைவை அதற்கே விட்டுவிடு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதே கைப்பழக்கத்தில் செத்த பறவைகளையும் அளந்தேன். அவர் எப்படி அளந்தார் என்று அவர் நோட்டில் ஒரு வரி இல்லை. நான் எப்படி அளந்தேன் என்று என் நோட்டிலும் இல்லை. இறக்கையை அளப்பது என்றால் ஒரே வழிதான் என்று இருவருமே நினைத்திருக்கிறோம்.

யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் வடக்கு பீரோ முழுவதையும் என் கையால் அளந்தேன். கோட்டை மறுபடி போட்டேன். மட்டையாகப் படுத்துவிட்டது. வடக்கே எவ்வளவோ தெற்கேயும் அவ்வளவே. நான் கண்டுபிடித்தது தீவுகளுக்கு நடுவில் இருந்த வித்தியாசம் இல்லை, இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசம். அலகு மட்டும் தீவுக்குத் தீவு நிஜமாகவே மாறுகிறது. அவர் அலகை அளந்ததே இல்லை, இரண்டு பீரோவிலும் என் கைதான் என்பதால் அது தப்பித்தது. ஆனால் ஆய்வேட்டின் தலைப்பிலேயே இறக்கை இருந்தது.

அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். மறைத்துவிடலாமா என்றும் இரண்டு நாள் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அந்துருண்டை நாற்றத்தில் உட்கார்ந்து மறுபடி அளக்க எவன் வரப்போகிறான்? ஆனால் ஒருவன் வருவான். பத்து வருடம் கழித்தாவது வருவான். அன்றைக்குக் கைடின் மாணவி தப்பு செய்தாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோட்டாவில் வந்த அந்தப் போர்டு வீட்டுப் பொண்ணுக்கு அளக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள். என் காதுபடவே சொல்லக்கூடியவர்கள் துறையில் அப்போதே இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பை என் கையால் எடுத்துக் கொடுப்பேனா?

கைடிடம் போய் இரண்டு கோடுகளையும் மேஜையில் வைத்தேன். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் குரல் ஏறியது.

"தோல் காஞ்சா சுருங்கும், தெரியாதா நோக்கு? நான் அளந்து எத்தன வருஷம் ஆயிடுத்து? அதான் உன் அளவு கம்மியா வர்றது."

"அப்டின்னா தெக்கு பீரோல இருக்கறதும் அதே மாதிரி சுருங்கியிருக்கும் சார். சுருங்குனத சுருங்காததோட வச்சிப் பாத்தது அப்பவும் தப்புதான்."

கண்ணாடியைக் கழற்றினார். "ரிஜிஸ்ட்ரேஷன் முடிய ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்பப் போய் ஒரு வித்தியாசமும் இல்லேன்னு எழுதினா யார் பட்டம் தருவா? யோசிச்சுப் பாரு. உன்னை இவ்ளோ தூரம் கொண்டுவந்து விட்டது யாரு?"

"ரெண்டு பஸ்ஸு சார்," என்றேன்.

சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னது இல்லை. வாயில் வந்துவிட்டது. அவர் முகம் சிவந்ததைப் பார்த்தும் எனக்கு வருத்தம் வரவில்லை. எழுந்து போய் வடக்கு பீரோவிலிருந்து ஒரு தேன்சிட்டையும் ஸ்கேலையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அளங்க சார்."

"என்ன பரீட்சையா?"

"அளங்க சார்."

எடுத்தார். எத்தனையோ வருடம் கழித்து எடுத்தாலும் அந்தக் கைக்குப் பழக்கம் போகவில்லை. சிட்டை இடது உள்ளங்கையில் படுத்தினார், இறக்கை முனையைத் தடுப்பில் முட்டவைத்தார், வலது கட்டை விரலை இறக்கையின் முதுகில் வைத்து ஸ்கேலோடு மெதுவாக அமுக்கினார். அளவைச் சொன்னார். நான் நோட்டைத் திறந்து அந்தச் சிட்டின் வரியைக் காட்டினேன். இளம் வயதில் அவர் எழுதிய அளவும் இப்போது அவர் சொன்னதும் ஒன்றே. தோல் சுருங்கவே இல்லை.

அவர் தன் கட்டை விரலைப் பார்த்தார். அது இன்னும் இறக்கையின் மேலேயே இருந்தது. சிட்டை மேஜையில் வைத்துவிட்டு, குடையை மறந்து, வெளியே போய்விட்டார்.

ஒரு வாரம் அறைப் பக்கம் வரவில்லை. பிறகு நான் கொடுத்திருந்த அத்தியாயம் ப்யூன் மூலமாகத் திரும்பி வந்தது. எல்லாம் சரி என்று விட்டிருந்தார், ஒரே ஒரு வரியைத் தவிர. வட தீவுகளின் பழைய அளவுகள் வேறொரு கையால், இறக்கையை அமுக்கி எடுக்கப்பட்டவை என்று எழுதியிருந்தேன். அதைப் பென்சிலால் அடித்திருந்தார். போய்க் கேட்டேன்.

"உன் அளவ மட்டும் போடு, போறும். பழைய நோட்ட ஏன் இழுக்கற?"

"நோட்டு லைப்ரரில இருக்குது சார். நாளைக்கி எவனாவது அத எடுத்து அவன் அளவோட சேப்பான். நான் வுழுந்த குழில அவனும் வுழுவான்."

"அந்த வரி இருந்தா நான் கையெழுத்துப் போடறது கஷ்டம்."

"அந்த வரி இல்லன்னா நான் குடுக்கறது கஷ்டம் சார்."

இதுதான் எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு, கமிட்டி நாள் வரைக்கும். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். பதிவுக் காலம் முடிந்தால் ஐந்து வருடமும் போச்சு. கமிட்டிக்கு அப்புறம் கைடு கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் நகராது. "எடுத்துத் தொலைடி அந்த ஒரு வரிய" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்ததும் உண்டு. ஆனால் ஒருமுறை எங்கள் சுவரில் யாரோ நம்பர் எழுதும்போது எதுவும் கேட்காமல் நின்றுவிட்டோம். இரண்டாவது முறையும் என்னால் அப்படி நிற்க முடியாது.

கமிட்டி அன்று பச்சைச் சேலை. ஜாக்கெட்டைத் தங்கை பிரித்து, தன் கையால் மறுபடி அளந்து தைத்திருந்தாள். கச்சிதமாக இருந்தது. கைடு கையெழுத்துப் போட வேண்டிய பக்கம் வெற்றாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்த பெண் பேராசிரியர் ஒருவர் நடுவில், என் கைடு ஓரத்தில். முதலில் சரிகிற கோட்டைக் காட்டினேன். பிறகு படுத்த கோட்டைக் காட்டினேன். எங்கள் தேன்சிட்டு தீவுக்குத் தீவு அலகில் மாறியிருக்கிறது, இறக்கையில் மாறியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். பேராசிரியர் தாளைப் புரட்டி என் வரிக்கு வந்தார்.

"வேறொரு கைன்னு போட்ருக்கீங்க. யாரோட கை?"

காட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"என்னோடதுதான்," என்றார் என் கைடு. "அமுக்கி அளந்தேன். அப்படி அளந்தேன்னு நோட்ல எழுதி வெச்சிருக்கணும், வெக்கல."

பிறகு என்னிடம் பேனா கேட்டார். வெற்றுப் பக்கத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தன் பையில் சொருகிக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு அவரை மதிக்கிறேன். நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்ல எல்லாருக்கும் வராது. அதற்காக மேடையில் சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். டீயும் பஜ்ஜியும் வந்தபோது, பேராசிரியரிடம் மறுபடி ஆரம்பித்தார். "மேடம், இந்தப் பொண்ணு அடையாத்தங்கரைல..."

"அது தீசிஸ்ல இல்ல சார்," என்றேன். "அளவு மட்டும் பேசுவோம்."

அவர் பாதி வாக்கியத்தில் நின்றார். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, தென் தீவுகளின் அலகைப் பற்றிப் பேச்சை மாற்றினார். பறவைகளைப் பற்றித்தான் அவர் நன்றாகப் பேசுவார்.

சாயங்காலம் தி.நகர் போய்த் தங்கையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதிசயமாக இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. என்ன ஆச்சு என்று கேட்டாள், எல்லாம் சொன்னேன். பட்டம் வந்துடுமா என்று கேட்டாள், வந்துவிடும் என்றேன். ஜாக்கெட்டின் தோளை இழுத்துப் பார்த்து, "நம்ம கை" என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அதுக்கு எறக்க குட்டையாவலியா?"

"ஆவல. வடக்க எவ்ளோவோ தெக்கயும் அவ்ளோதான்."

"நல்லாப் பறக்குமா?"

"அளவப் பாத்தா பறக்கணும்."

"பின்ன ஏன் வேற எங்கியும் போவாம அந்தக் குட்டித் தீவுலயே கீது?"

"அதான் தெரில. இனிமே அதத்தான் பாக்கணும்."

பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே எங்கள் வீடுகள் இருந்த கரையில் இப்போது கம்பி வேலியும் நடைபாதையும் இருக்கின்றன, ஷூ போட்டவர்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். குழாயடி இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. தங்கை ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இதுல பாக்கறதுக்கு இன்னாக்கா கீது?" என்றாள். "அதுங்கள யாரும் தொரத்தல. அதான் அங்கியே கீது."

அளந்து காட்டாத எதையும் ஆய்வேட்டில் எழுதக் கூடாது என்று சண்டை போட்டவள் நான். அதனால் என் தங்கை சொன்னதை அதில் சேர்க்க முடியாது. இங்கே எழுதுகிறேன், யாருடைய கையெழுத்தும் கேட்காமல்.